செத்த பிறகு ஓடியவன்

அவள் தப்பாக வாசிக்கிறாள்.

சிறுமியிடமிருந்து இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து அவன் நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். அரை மணி நேரமாக ஒரு வரி படிக்கவில்லை.

கிளை நூலகம், சிறுவர் பகுதி. அவள் கையில் அவன் எழுதிய புதுச் சித்திரக்கதை இதழ். மூன்றாவது சனிக்கிழமை. கடைசியும்கூட.

"பன்னெண்டு வயசுக்குக் கீழ ஒரு பிள்ளையாவது கடைசிப் பக்கம் வரைக்கும் போறதைக் கண்ணால பாத்துட்டு வாங்க. இல்லைன்னா சிறுவர் இதழ் பேச்சை விட்ருவோம்." மூன்று சனிக்கிழமை, அதுதான் பதிப்பகம் நடத்தும் அண்ணாச்சி கொடுத்த கெடு.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுடைய சித்திரக்கதைகளை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் பேரன் எடுத்தவர்கள்.

இவன் எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். எழுத்தைப் பெரிதாக்கினான். 'அடே பாதகா' வகையறாக்களைத் தூக்கினான். புதுக் கதை, புது ஓவியர், வழவழ அட்டை.

எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று மட்டும் யோசிக்கவில்லை. முப்பது வருடமாகக் கட்டங்களுக்குள்ளேயே கிடக்கிறவனுக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

பக்கத்துக்கு நான்கு கட்டம். மேலே இரண்டு, கீழே இரண்டு.

அவள் விரல் இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு வலப்பக்கம், மேலிருந்து கீழே. கைபேசியில் எல்லாம் அப்படித்தானே வருகிறது.

அவள் கணக்கில், துப்பறிகிறவர் டீயைக் குடித்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

அவன் நாளிதழை மடித்தான். விரித்தான்.

போன சனிக்கிழமை ஒரு பையன் இதே தப்பைச் செய்தான். இவனால் பொறுக்க முடியவில்லை. போய்க் குனிந்து, குறுக்கே வாசிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். இரண்டு பக்கம் குறுக்கே வாசித்தான். தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை.

பதினொன்றாம் பக்கம்.

துப்பறிகிறவர் குறி வைக்கிறார். திருடன் ஓடுகிறான். குண்டு பட்டு விழுகிறான். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. எழுத ஒரு மாதம் பிடித்த பக்கம் அது.

அவள் விரல் இறங்கியது. குறி வைத்தார். விழுந்தான். விரல் மேலே ஏறியது.

ஓடினான்.

அவள் சத்தமாகச் சிரித்தாள்.

"ஜெஸ்லின்! இது லைப்ரரியா, சந்தைக்கடையா?" நூலகர் மேசையிலிருந்து குரல் வந்தது.

"மிஸ், இவன் செத்துட்டு ஓடுறான் மிஸ்!"

அவன் பாதி எழுந்துவிட்டான். நாற்காலி கிறீச்சிட்டது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது: குறுக்கே, பாப்பா, குறுக்கே.

உட்கார்ந்தான்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். இன்னொன்று. இன்னொன்று. குறுக்கே ஒரு தடவைகூடப் போகவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் அட்டையைத் திருப்பி, மேலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

இல்லை.

நேராக அவனிடம் வந்தாள். "இது நீங்க போட்டதுன்னு மிஸ் சொன்னாங்க."

"ஆமா."

"அடுத்த புக்குல அவன் எத்தனை தடவை சாவான்?"

அடுத்த இதழில் திருடனே இல்லை. அவன்தான் செத்துவிட்டானே.

"எத்தனை தடவை சாகணும்?"

அவள் கூரையைப் பார்த்து யோசித்தாள். "ஒம்போது. ஆனா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு ஓடணும்."

வாசலுக்கு வந்து செருப்பை மாற்றிப் போட்டு, கழற்றி, சரியாகப் போட்டான். அண்ணாச்சிக்கு அழைத்தான்.

"அடுத்த இதழை மெஷின்ல ஏத்திராதீங்க அண்ணாச்சி."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "நான்தான் அப்பவே சொன்னேன்ல. ஒருத்தரும் வாசிக்கலையா?"

"ஒரு பிள்ளை கடைசி வரைக்கும் வாசிச்சிட்டா அண்ணாச்சி. செத்தவனை எழுப்பணும், அதான்."