கோட்டிங் ரூம்

"இன்னையிலேருந்து நீ மருந்து மாத்திரை செக்ஷனுக்குப் போயிடு. கோட்டிங் ரூம் சாவியை என்கிட்ட கொடுத்துடு."

ஆராய்ச்சிக்கூடத்தின் காலை மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னாலும் மேடம் இப்படிச் சொன்னதும் அவளுக்குக் காது அடைத்துப்போனது.

"மேடம், அடுத்த வாரம் பேட்டரி கம்பெனிக்காரங்க மெஷினைப் பார்க்க வர்றாங்க..."

"தெரியும். மெஷினை நான் பார்த்துக்கிறேன்."

"புரோகிராம் நான் எழுதினது மேடம்."

"யாரு இல்லேன்னது? சாவியைக் கொடு."

சாவியை மேஜைமேல் வைத்தாள். மேடம் அதை எடுத்துக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

பேட்டரிக்குள் போகிற மெல்லிய உலோகத் தகட்டின்மேல் கறுப்புப் பசை பூசுகிற மெஷின் அது. பூச்சு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்தால் பேட்டரி சூடாகும், சீக்கிரமே செத்துப்போகும். மெஷின் ஓடும்போதே அளந்து, தானாகவே சரிசெய்துகொள்கிற புரோகிராமை எழுதியது அவள்தான். இரண்டு வருஷ உழைப்பு. போன மாசம்தான் அந்தப் பசை சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தது.

"என்னம்மா, ரெட் பட்டன் உன் தலையில கையை வெச்சுட்டாங்களா?" என்றார் பக்கத்து சீட்காரர். ஓடுகிற எதையும் சட்டென்று நிறுத்திவிடுவார் என்று மேடத்துக்கு அப்படி ஒரு பட்டப்பெயர்.

"எனக்கு ஒண்ணுமே புரியலைண்ணா."

"புரிய என்ன இருக்கு? அவங்களும் ஒரு காலத்துல பேட்டரியில கொடிகட்டிப் பறந்தவங்கதான். என்ன ஆச்சோ, பாதியில போட்டுட்டு மாத்திரைக்குப் பூச்சு போடற பக்கம் ஒதுங்கிட்டாங்க. இப்ப நீ சமைச்சு இறக்கி வெச்சதும், பரிமாறக் கரண்டியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. நேரா டைரக்டர்கிட்டப் போ. வாயில்லாப் பூச்சியா இருந்தா மிதிச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள்.

"போனாப் போகுது, விடு. இந்த நேரத்துல நீ டென்ஷன் ஆகாதே" என்றார்.

விட மனசு வரவில்லை. டைரக்டர் ரூமுக்குப் போகிற வழியில்தான் கோட்டிங் ரூம். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேடம் மட்டும் தனியாக, முகமூடி போட்டுக்கொண்டு, அவளுடைய மெஷின்மேல் குனிந்திருந்தார்.

அவ்வளவுதான். கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

மேடம் வேகமாக வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினார்.

"அங்கேயே நில்லு. கிட்ட வராதே."

"பார்க்கக்கூடக் கூடாதா மேடம்? உங்களைப் பத்தி டைரக்டர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன். முகத்துக்கு நேரா சொல்லிட்டே போறேன்."

"தாராளமா பண்ணு. பொறாமையில பிடுங்கிட்டேன்னே சொல்லு. நான் மறுத்துப் பேச மாட்டேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா மாத்திரை செக்ஷன்லேருந்துகிட்டே பண்ணு. கம்பெனிக்காரங்க வர்ற அன்னைக்கு ஹால்ல நின்னு பேசப்போறது நீதான். பேரும் உன் பேருதான். இந்த ரூமுக்குள்ள நிக்கப்போறது மட்டும் நான்."

"அப்புறம் எதுக்கு மேடம் சாவியைப் பிடுங்கினீங்க?"

மேடம் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பசையைக் கரைக்க ஒரு திரவம் ஊத்தறோமே, அந்த கேன்ல என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

'கர்ப்பிணிகள் கிட்ட வரக் கூடாது' என்ற சிவப்பு எழுத்து அவள் கண்முன் வந்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"எக்ஸாஸ்ட் ஃபேன் ஆவியை வெளியே இழுத்துடும் மேடம்..."

"இழுத்துடும்னு உனக்கே நம்பிக்கை இருந்தா, மாஸ்க்குமேல இன்னொரு மாஸ்க் எதுக்கும்மா போட்டுக்கிறே?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா, 'ஒண்ணும் ஆகாது மேடம்'னு திரும்பவும் உள்ளே போயிருப்பே. நாலு பேர் முன்னாடி சாவியை வாங்கினாத்தான் உன்னால போக முடியாது."

"காரணத்தையாவது..."

"அதைச் சொல்ல வேண்டியவ நீ. நான் சொல்லக் கூடாது. சொல்லியிருந்தா எல்லாரும் நல்ல மனசோடதான் உன்னை லீவுல அனுப்பி வெச்சிருப்பாங்க. நீ திரும்பி வரும்போது உன் சீட்ல வேற ஆள் உட்கார்ந்திருக்கும். பழி என்மேல இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வெச்சிருக்கிற பேரு எனக்குத் தெரியாதா என்ன?"

மேடம் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"இந்த வயசுல அந்த ரூம் என்னை ஒண்ணும் பண்ணாது. நீ போ."

அவள் நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்னு இருந்தேன் மேடம். இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுதுன்னு..."

மேடம் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்."