இடம் பிடித்த அட்டை

மலையேறும் சைக்கிளின் முன்சக்கரம் பாறையில் மோதி நெளிந்துவிட்டது. சைக்கிள்காரி அதைக் கழற்றியதும், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டும் போய்விட, அதை இருபுறமும் கவ்வி நிறுத்தும் இரண்டு பிரேக் கட்டைகள் மட்டும் எதிரெதிரே நின்றன.

இடது கட்டை எதிரே இருந்த வலது கட்டையிடம் கேட்டது: "அக்கா, இப்போது பிரேக்கைப் பிடித்தால் நாம் ஒட்டிக்கொள்வோம். புதுத் தட்டு எப்படி நுழையும்?"

"நீ சொல்லியே நடந்துவிடும். சும்மா இரு," என்றது வலது கட்டை.

பிஸ்கட் பெட்டியிலிருந்து சைக்கிள்காரி கிழித்துச் செருகிய அட்டைத்துண்டு ஒன்று இடையில் வந்து நின்றது. "பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரிதான். வருகிறவருக்கு இடம் பிடிக்கிறேன்."

"ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஊறிப்போகிற நீயா?" என்று வலது கட்டை சிரித்தது.

பழக்கதோஷத்தில் சைக்கிள்காரி பிரேக்கைப் பிடித்தாள். கட்டைகள் பாய்ந்து அட்டையை நெரித்தன. அது நசுங்கியது, விலகவில்லை.

"வலிக்கிறதா?" என்றது இடது கட்டை.

"அவள் கையை எடுக்கும்வரைதானே."

பிறகு அட்டையை உருவிவிட்டு, புதுச் சக்கரத்தைப் பூட்டினாள். தட்டு எங்கும் உரசாமல் நுழைந்து சத்தமில்லாமல் சுற்றியது.

"சக்கரம் அருமை," என்றாள் சைக்கிள்காரி.

வலது கட்டை தரையைப் பார்த்தது. கிடந்த அட்டையில் தன் உருவம் அச்சாகப் பதிந்திருந்தது.

"சக்கரமாம்," என்று முணுமுணுத்தது. "அவளுக்கு என்ன தெரியும்."