காதில் இரண்டு வெட்டு

மருத்துவரின் கத்தி நின்றது.

பிளந்த பன்றிச் சதைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூச்சிக் கட்டிகள். அரிசியைத் தூவிவிட்டதைப் போல.

ரேஷன் அரிசியாக இருக்கும் என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் வரிசையிலிருந்து முன்னால் வந்தான்.

முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னாலேயே அறுத்து, மதியத்துக்குள் விற்றுவிடுவார்கள். இப்போது புதிய சட்டம். நகராட்சிக் கூடத்தில்தான் அறுக்க வேண்டும். மருத்துவர் முத்திரை குத்தினால்தான் கறி.

நோய் கண்டால் புதைத்துவிடுவார்கள். அதோடு போகாது. பன்றி எந்தப் பட்டியிலிருந்து வந்ததோ, அந்தப் பட்டிக்குப் பூட்டு. மழைக்காலம் முடியும்வரை ஒரு குட்டிகூட வெளியே போகாது.

மருத்துவர் காதைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டு வெட்டு.

அவன் அப்பா வைத்த அடையாளம். ஊரெல்லாம் மேயும் பன்றி யார் வீட்டுடையது என்று காதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அண்ணன் செத்தபின் அண்ணி பவுனு தனிப்பட்டி போட்டாள். அடையாளத்தை மட்டும் இருவருமே மாற்றவில்லை.

விடியலில் ஒரே வண்டியில் ஏற்றி வந்தார்கள். அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று.

முதலில் இறக்கி அறுத்தது அவனுடையதை. அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

“யாரோடது?”

அவன் பட்டி நிறையக் குட்டிகள். அவற்றை விற்றால்தான் மகளைக் கல்லூரியில் சேர்க்க முடியும். அண்ணியிடம் இருப்பதே நாலைந்து.

மருத்துவர் மறுபடி கேட்டார்.

“அண்ணியோடதுங்க.”

குரல் நடுங்கக்கூட இல்லை.

பவுனு அவனைப் பார்த்தாள். பிறகு மருத்துவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பூட்டுப் போட ஆள் வருவான் என்றார் அவர். மிச்சமிருக்கும் பன்றியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்.

அவள் வண்டிக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான்.

தன் பன்றியின் காதைப் பிடித்தாள். இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். பழைய வெட்டுகளுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை நகத்தால் அழுத்திக் குறித்தாள்.

உறவு அறுத்துக்கொண்டவர்கள்தான் மூன்றாவது வெட்டு வைப்பார்கள்.

பன்றி திமிறியது. ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை.

அவள் கத்தியோடு காத்திருந்தாள்.

“காலப் புடி, தம்பி.”

அவன் குனிந்தான்.