அப்பாவின் வண்டிக்கு ஏற்ற ஆள்

வாங்க வந்தவர் காரைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. பானட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே திருகி வைத்திருந்த சின்னப் பித்தளைத் தகட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

பெரியவருக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு மாதமாக வந்துபோனவர்களில் இப்படி ஒரு மனிதரை அவர் பார்க்கவில்லை.

பெரியவரின் அப்பா இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்த வண்டி அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, நெடுந்தூரம் பறப்பதற்கென்றே பிறந்தது. பெரியவர் அடுத்த மாதம் குடிபோகும் அடுக்குமாடி வீட்டிலோ ஒரு ஸ்கூட்டர் நிறுத்தத்தான் இடம். விற்றாக வேண்டும், ஆனால் கண்டவன் கைக்குப் போய்விடக் கூடாது. அதனால் விளம்பரத்திலேயே, 'வாங்க விரும்புவோர் தம் குடும்பப் பின்னணியை எழுதி அனுப்பவும்' என்று போட்டிருந்தார்.

"வண்டி விக்கிறீங்களா, பொண்ணு குடுக்கிறீங்களா?" என்று மனைவி கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் வந்த பல் டாக்டர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். அத்தோடு அவர் கதை முடிந்தது. அடுத்து வந்த ஜவுளிக்கடை முதலாளி, "கடை முன்னால நிறுத்தினா நாலு பேர் நின்னு பார்ப்பான் சார்" என்றார்.

"எங்க அப்பா உக்காந்த வண்டி உங்க கடைக்குப் பொம்மையா?" என்று கேட்ட பெரியவர், அவர் காபியைக் குடித்து முடிக்கும் முன்பே கேட்டைத் திறந்துவிட்டார்.

இன்று வந்த இவரோ தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தொழில் என்னங்க?"

"அப்பா ஆரம்பிச்ச கடைங்கய்யா. அவருக்கப்புறம் நான் பார்த்துக்கிறேன்."

அப்பா என்ற சொல்லே பெரியவருக்குப் போதுமானதாக இருந்தது. சலவை மடிப்புக் கலையாத சட்டை, ஆனால் நகக்கண்ணில் கருப்பாக கிரீஸ். அதையும் கவனித்தார், உழைப்பாளி என்று மன்னித்தார்.

"நல்லா பாருங்க, ஒரு துரும்பு பழசு கிடையாது. ஆறு வருஷ வேலை. மெக்கானிக்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னேன். எங்க குடும்பத்து வண்டி நேத்துதான் கப்பல்லேர்ந்து இறங்கின மாதிரி நிக்கணும்னு. இஞ்சின், கதவு, சீட்டு, மேல் தகரம், அத்தனையும் மாத்தியாச்சு."

"ஓட்டுற சீட்டுல சுருட்டு சுட்ட ஓட்டை ஒண்ணு இருக்குமேங்கய்யா?"

பெரியவரின் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. அப்பாவின் சுருட்டு வரைக்கும் ஊர் பேசுகிறதென்றால் எப்பேர்ப்பட்ட குடும்பம்! "இருந்துச்சு. ஓட்டை சீட்டை வச்சிருந்தா நமக்குத்தானே மரியாதைக் குறைச்சல்? தூக்கிப் போட்டாச்சு."

வந்தவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "அப்ப, பெரியய்யா காலத்துலேர்ந்து இருக்கிறது..."

"இந்தத் தகடு ஒண்ணுதான். வண்டி பிறந்தப்ப அடிச்ச நம்பர். மெக்கானிக்கு இதையும் மாத்தணும்னு ஆசை, நான் கை வைக்க விடலை. இது இருக்கிறதாலதான் இது எங்க அப்பா வண்டி."

"வாஸ்தவங்கய்யா. இது இல்லாம முழுசாகாது."

அவ்வளவுதான். பெரியவர் முடிவு செய்துவிட்டார். வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்தா, சாவியை எடுத்துட்டு வா! ஆள் கிடைச்சாச்சு!" என்று குரல் கொடுத்தார்.

மனைவி வெல்வெட் பெட்டியோடு வந்தாள். "நிஜமாவா? ஜாதகம்கூட இன்னும் கேக்கலையே?"

பெரியவர் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, சாவியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"விலையை அப்புறம் பேசிக்கலாம். எனக்கு ஒரே நிபந்தனை. கூலிக்காரனா, கோடீஸ்வரனா, யார் வேணா ஓட்டட்டும். ஆனா எந்தக் காலத்துலயும் எங்க அப்பா வண்டி பழைய இரும்புக்கடை வாசலை மிதிக்கக் கூடாது. அந்த அவமானத்தை என் குடும்பம் தாங்காது. சத்தியம் பண்ணுங்க."

வந்தவரின் முகம் வெளுத்தது. சாவிக்குக் கை நீட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே உருட்டினார்.

"வண்டி வேணாங்கய்யா. இந்தத் தகடு மட்டும் குடுத்தீங்கன்னா போதும். நீங்க சொல்ற விலை."

"தகடா? அதை வச்சு என்னய்யா பண்ணப் போறே?" மரியாதை நொடியில் இறங்கிவிட்டது.

"நம்மளது பழைய இரும்புக்கடைதாங்கய்யா. ஆறு வருஷமா உங்க மெக்கானிக் லோடு லோடா கொண்டாந்து போட்டாரு. கதவு, இஞ்சின், சீட்டுன்னு ஒண்ணு விடாம. அதையெல்லாம் உடைச்சு உருக்க எனக்கு மனசு வரலை. தட்டி நிமித்தி, ஒவ்வொண்ணாப் பொருத்திட்டேன். அந்தச் சுருட்டு ஓட்டையைக்கூட அடைக்கலைங்க."

பெரியவரின் நீட்டிய கை அப்படியே நின்றது. மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப... மாமாவோட வண்டி?"

"எங்க கடை வாசல்லதாம்மா நிக்குது."