நாலாவது கை

தமிழ்ப் பண்டிதர் சிவசைலம் பிள்ளை கையைத் தூக்கிய வேகத்தில் தோளில் கிடந்த அங்கவஸ்திரம் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"நாலு," என்று எண்ணிச் சொன்னார் கிளார்க் பாக்கியசீலன்.

கல்லூரிச் சபையில் ஓட்டுள்ளவர்கள் ஏழு ஆசிரியர்கள். மூன்று பேர் சம்மதம், நாலு பேர் சம்மதமில்லை. எப்.ஏ. என்ற இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பின் பரீட்சைக்காகச் சென்னை சர்வகலாசாலைக்குப் போகும் பட்டியலில் அருமைநாயகத்தின் பெயர் மேல் பிரின்சிபால் துரை ஒரு கோடு போட்டார்.

அருமைநாயகம் உடன்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகன். ஆடியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தபோது வீட்டுக்கு ஓடினான். தகப்பனை அடக்கம் செய்து, தாயைப் பிழைக்க வைத்துத் திரும்பியபோது வருகைக் கணக்கில் பதினொரு நாள் குறைந்திருந்தது.

இத்தனை நாள் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து அவனுக்கு விலக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கூட்டத்தின் முன் இருந்த கேள்வி. கொடுக்காவிட்டால் பரீட்சை இல்லை, உதவித்தொகையும் இல்லை. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டியதுதான்.

பண்டிதருக்குச் சபையில் இடம் கிடைத்ததே அந்த 1907-ஆம் வருஷம்தான். எல்லா ஆசிரியரும் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்று துரைக்கு ஆசை. நல்ல ஆசைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பேச்செல்லாம் இங்கிலீஷில் நடக்கும். 'குட்மார்னிங்'குக்கு மேல் அந்தப் பாஷை அறியாத பண்டிதருக்காகப் பாக்கியசீலன் ஒவ்வொரு விஷயத்தையும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் முன்னால் வைப்பார்.

வேலை மிகுந்த மனிதர், வளவளவென்று எழுத மாட்டார். அன்றைய சீட்டில் 'எப்.ஏ. அருமைநாயகம் - விலக்கு - சம்மதமா?' என்று மட்டும் இருந்தது.

பண்டிதர் அதை மூன்று தரம் படித்தார். முகம் கறுத்துப்போயிற்று. சம்மதம் என்று முதலில் கை தூக்கிய சரித்திர ஆசிரியர் அப்பாத்துரையை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்த அங்கவஸ்திரம் விழுந்தது.

"பாத்தீரா வே?" கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் பாக்கியசீலனிடம் பொருமினார் அப்பாத்துரை. "பாட்டுக்குப் பண்டிதர் சொன்ன அர்த்தம் தப்புன்னு போன வருஷம் கிளாசுல அந்தப் பய எந்திரிச்சுச் சொன்னாம்லா? இன்னைக்குப் பழி தீத்துட்டாரு."

"அதுக்காகவா இப்படிச் செய்வாரு?"

"பின்ன என்ன? கணக்கு வாத்தியாரு காசிலிங்கம் சட்டம் பேசுத ஆளு, அவரை விடும். இவருக்கு என்ன வந்துச்சு? சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பயதானன்னு இளப்பம்!"

பாக்கியசீலனுக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு தரம் தோற்றுப்போன விஷயத்தை அந்த வருஷம் மறுபடி எடுக்கக் கூடாது என்பது சபையின் சட்டம். பட்டியலும் மத்தியானத் தபாலில் சென்னைக்குப் போய்விட்டது.

விடுதிக்கு அப்பாத்துரையே போய்ச் சேதி சொன்னார். அருமைநாயகம் அழவில்லை.

"நாலாவது யாரு சார்?" என்று மட்டும் கேட்டான்.

சொன்னார்.

"அவுகளா?" என்றான். தகரப்பெட்டியை இழுத்து வைத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தான். பார்க்கச் சகிக்காமல் அப்பாத்துரை எழுந்து போய்விட்டார்.

மூன்று மணி வெயிலில் பண்டிதர் வந்தார். ஆற்றில் முழுகிவிட்டு நேராக வந்திருக்க வேண்டும். குடுமி ஈரம் உலரவில்லை, நெற்றியில் புது விபூதி. கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"என்னலே, பெட்டி கட்டுத? அம்மைகிட்டச் சொல்லப் போறியாக்கும்? போ, போ. நல்ல சேதியை நேர்லதான் சொல்லணும்."

அருமைநாயகம் நிமிர்ந்து பார்த்தான். கேலி செய்கிறார் என்று நினைத்தான். செத்த பாம்பை அடிக்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று அவனுக்கு நெஞ்சு கொதித்தது.

பண்டிதர் பொட்டலத்தைப் பிரித்தார். சரிகைக்கரை போட்ட புதுத் தலைப்பாகைத் துணி.

"பரீட்சைக்கு வெறுந்தலையோட போகப்படாதுலே. இதைக் கட்டிக்க. அப்புறம், அந்த அப்பாத்துரை உனக்கு எதிரா நின்னாரு, மனசுல வச்சுக்கிடாத. காசிலிங்கத்தைக் கல்நெஞ்சுன்னு நினைச்சிருந்தேன். அவருகூட உன் பக்கம் நின்னுட்டாரு."

பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயா... நாலாவதாக் கை தூக்குனது நீங்கதான்னு சொன்னாவ..."

"நான்தாம்லே, சந்தேகமென்ன!" பண்டிதர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"தகப்பனை மண்ணுல வச்சிட்டு வந்த பிள்ளையைக் காலேஜை விட்டு விலக்கச் சம்மதமான்னு சீட்டு நீட்டுதாவ, நான் விடுவனாலே?"