நடுத்துண்டு

ஜமீன் என்று பேர் வாங்கிய அந்தத் தடித்த கடுவன் தின்று முடிக்கும்வரை வீட்டின் மற்ற மூன்று பூனைகளும் சுவரோரம் காத்திருக்கும். கடைசியாக வரும் சின்னப் பூனை மிளகுக்கு வெறும் மீன்முள்தான் மிஞ்சும். தமயந்தி அதற்கென்று அடுப்படி மூலையில் தனிக் கிண்ணம் வைத்தாள். மாமியார் அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வரிசையிலேயே வைத்தாள்.

"பெரியது தின்னட்டும். வீடுன்னா ஒரு முறை வேணாமா?"

"யாரு வச்ச முறை அத்தை?"

"வாய் நீளுது உனக்கு. நானும் இந்த வீட்டுல கடைசியாத்தான் தின்னேன்."

தமயந்தி கிண்ணத்தை மூலைக்கே கொண்டுவந்தாள். ஆண்களுக்கென்று எடுத்துவைத்திருந்த வஞ்சிர மீனின் நடுத்துண்டுகளில் ஒன்றை எடுத்து, பாதியை மிளகுக்குப் பிட்டுப் போட்டாள். மீதியைத் தன் சோற்றின்மேல் வைத்துக்கொண்டு, மிளகின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அடியே, எம்புள்ள இன்னும் சாப்பிடலடி!"

ஜமீன் உறுமிக்கொண்டே நெருங்கியது. வாசலில் புருஷன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மிளகுக்கு முதுகு முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. ஆனால் கிண்ணத்திலிருந்து அது தலையைத் தூக்கவில்லை.

தமயந்தியும் தூக்கவில்லை.