கரைந்த கன்னம்

"கன்னத்துல வர்ணம் கரைஞ்சிருக்கு. சரி பண்ண முடியுமா?"

சீமாட்டி வர்வாரா, காகசஸ் போரில் இறந்துபோன தன் கணவரின் படத்தை ஓவியர் லூகிச்சிடம் நீட்டினார். சீமாட்டியின் பணிப்பெண்ணான நான், மேலங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

லூகிச் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது கண்ணீர் பட்ட தடம், சீமாட்டி. நீர்வண்ணம் தாங்காது. பிரபு மேல எவ்வளவு பாசம் இருந்தா இப்படி அழுதிருப்பீங்க."

சீமாட்டியின் காது மடல் சிவந்தது.

"சரி பண்ணிட்டுக் கண்ணாடி போட்டுக் குடுங்க" என்றார், ஓவியரின் முகத்தைப் பார்க்காமல்.

வீடு திரும்பப் பனிச்சறுக்கு வண்டியில் ஏறினோம். நேவா ஆற்றுப் பாலம் தாண்டியதும் சீமாட்டி வாய் திறந்தார்.

"அவர் போனதுல இருந்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, அக்குலினா. அந்தப் படம் இருந்த பெட்டியை நான் திறந்ததே நேத்துதான்."

அந்தப் பெட்டியின் சாவி எப்போதும் என் இடுப்பில்தான் தொங்கும். அதைக் கையால் மூடிக்கொண்டேன். தலை தானாகக் கவிழ்ந்தது.

"மறைக்காதே. ரெண்டு வருஷமா ஊரே என்னைப் பார்த்து 'பாவம், பாவம்'னு சொல்லுது. கூச்சமா இருக்கு எனக்கு" என்றார் சீமாட்டி. "இனிமே படத்து மேல கண்ணாடி இருக்கே. எனக்கும் சேர்த்து நீயே அழு."